டென்மார்க்கின் கொழுப்பு வரி: கணக்கு எங்கே பிசகியது?

2011 அக்டோபர் 1 முதல் டென்மார்க்கில் உணவுப் பண்டங்களில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு, அதாவது வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி போன்றவற்றில் நிறைய இருக்கும் கொழுப்புவகைக்கு, வரி வந்தது. எடை போட்டுத்தான் வரி: கொழுப்பு ஒரு கிலோவுக்கு 16 குரோனர் (டென்மார்க் நாணயம்). உலகில் இப்படிக் கொழுப்பை அளந்து வரி போட்ட முதல் நாடு அதுதான். 2013 ஜனவரி 1 அன்று வரி நீக்கப்பட்டது. ஆக மொத்தம் அதன் ஆயுள் 15 மாதம்.

அதற்கு அப்புறம் எந்த நாட்டில் உணவு வரிப் பேச்சு வந்தாலும், எதிர்ப்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் உதாரணம் டென்மார்க்தான். "அங்கேயே தோற்றுப்போனது" என்பார்கள். ஆதரிப்பவர்களோ "போதுமான காலம் கொடுக்கவில்லை" என்பார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. வரி மக்கள் வாங்குவதை மாற்றியது, அதற்குத் தரவு இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தாலும் அதன் அடிப்படைக் கோளாறு தீர்ந்திருக்காது. கோளாறு என்னவென்றால், அரசுக்கு வருமானம் தருவதற்காகப் பிறந்த ஒரு வரியின் தலையில் உடல்நலப் பொறுப்பையும் ஏற்றி வைத்தார்கள்.

வரி பிறந்த இடம்

2008இல் டென்மார்க் அரசு நோய்த்தடுப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. நாட்டின் சராசரி ஆயுளை 10 ஆண்டுகளில் 3 ஆண்டு கூட்டுவதற்கு வழி சொல்ல வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. பக்கத்து நாடுகளைவிட டேனிஷ்காரர்களின் ஆயுள் குறைவாக இருந்தது அங்கே நீண்டகாலக் குறை. புகையிலை, மது, கொழுப்பு ஆகியவற்றின் மீதான வரி ஆணையத்தின் பரிந்துரைகளில் இருந்தது.

2009இல் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. வருமான வரியைக் குறைக்க ஒரு பெரிய வரிச்சீர்திருத்தம் வந்தது. நடு அடுக்கு வருமான வரியையே அது ஒழித்தது. அப்படி விடுபட்ட பணத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே! மாசு, எரிசக்தி, இனிப்பு, கொழுப்பு என்று நுகர்வின் பக்கம் வரி திரும்பியது. 2010இல் சாக்லேட், மிட்டாய், ஐஸ்கிரீம் மீதான பழைய வரிகள் கூட்டப்பட்டன. கொழுப்பு வரிச் சட்டம் 2011 மார்ச்சில் பெரும் ஆதரவோடு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்தப் பிறப்பு வரலாறு முக்கியம். நிதி அமைச்சகத்தின் கண்ணில் நல்ல வரி என்பது, போட்ட பிறகும் மக்கள் அதே அளவு வாங்கிக்கொண்டே இருக்கும் பண்டத்தின் மீதான வரி. பொருளாதாரத்தில் இதைத் தேவையின் நெகிழ்ச்சி குறைவு என்பார்கள். உடல்நலத் துறைக்கோ நேர் எதிர்: வரி போட்டதும் மக்கள் அந்தப் பண்டத்தை விட்டு விலக வேண்டும், வருமானம் ஆண்டுக்கு ஆண்டு சரிய வேண்டும். இரண்டு துறையும் ஒரே வரியைப் பார்த்து மகிழ முடியாது. டென்மார்க்கில் கொழுப்பு வரியின் வருமானம் பட்ஜெட்டில் ஏற்கெனவே செலவாகிவிட்டது, வருமான வரிக் குறைப்பாக. அதனால் வரி தன் உடல்நல வேலையை ஒழுங்காகச் செய்தால் பட்ஜெட்டில் ஓட்டை விழும் என்ற நிலை தொடக்கத்திலேயே இருந்தது.

கணக்கு எப்படிப் போட்டார்கள்

100 கிராமில் 2.3 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருந்தால் பண்டம் வரிக்குள் வரும். வெண்ணெய், மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயில் செய்யும் பண்டம்), சமையல் எண்ணெய், பாலாடைக்கட்டி, க்ரீம், இறைச்சி எல்லாம் உள்ளே. குடிக்கும் பால் வெளியே. முழுப் பாலின் நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட அந்த 2.3இல்தான் நிற்கும் என்பதைப் பார்த்தால், எல்லைக்கோடு எதற்காக அங்கே கிழிக்கப்பட்டது என்பது புரிந்துவிடும்.

வரியை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் கட்ட வேண்டும். அதன் மேல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி ஏறும், ஆகக் கடையில் அது கிலோவுக்கு 20 குரோனர். கால் கிலோ வெண்ணெயில் சுமார் 130 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. போட்டுப் பார்த்தால் 2.60 குரோனர், வெண்ணெய் விலையில் பத்து சதவீதத்துக்கும் மேல். இப்போது ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 14 சதவீதம் அளவில்தான், ஆனால் எடை ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே 2.60 குரோனர் வருகிறது! மருத்துவர்கள் குறைக்கச் சொல்லும் வெண்ணெய்ப் பொட்டலமும், அதற்குப் பதிலாகச் சாப்பிடச் சொல்லும் எண்ணெய்ப் புட்டியும் ஒரே தொகையைக் கட்டின. ஒரு கிராம் கொழுப்புக்கு என்று பார்த்தால் கணக்கில் பிழையில்லை. கடையில் நின்று இரண்டு விலைச் சீட்டையும் பார்ப்பவருக்கு அரசு என்ன சொல்ல வருகிறது என்பதுதான் புரியாது.

பிஸ்கட், பீட்சா, சாஸ் போன்ற கலவைப் பண்டங்களில் நிலைமை இன்னும் சிக்கல். எந்தப் பண்டத்தில் எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு போயிருக்கிறது என்று இறக்குமதியாளர் ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா நாட்டுப் பொட்டலங்களிலும் இந்த எண் அச்சாகி வருவதில்லை. நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கொண்டுவரும் சிறு வியாபாரிக்கு வரித்தொகையைவிட இந்தக் கணக்கெழுத்து வேலைதான் பாரம்.

ஏன் வரி போட வேண்டும் என்ற கேள்வி

பாடப்புத்தகக் காரணம் புறவிளைவு. டென்மார்க்கில் மருத்துவச் செலவு பெரும்பாலும் பொது வரிப்பணத்தில் நடப்பது. ஒருவர் சாப்பாட்டால் வரும் இதயநோயின் செலவை மற்றவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள், பண்டத்தின் விலையில் அது தெரிவதில்லை, ஆகவே வரியால் அந்த இடைவெளியை நிரப்பலாம் என்பது வாதம். புகையிலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. கொழுப்புக்கு அவ்வளவு நேராகப் பொருந்தவில்லை. சிகரெட்டை விட்டவர் அதற்குப் பதிலாக எதையும் பற்ற வைக்கத் தேவையில்லை. ஆனால் வெண்ணெயைக் குறைத்தவர் வேறு எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும். நல்லதா கெட்டதா என்பதை அந்த 'வேறு எதையாவது' என்பதுதான் தீர்மானிக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மட்டும் தனியே இதயநோயோடு எவ்வளவு தொடர்புடையது என்பதில் 2010 வாக்கிலேயே ஆய்வாளர்களிடையே சச்சரவு இருந்தது. அதன் இடத்தில் செடிஎண்ணெய் வந்தால் பலன் உண்டு, மாவும் சர்க்கரையும் வந்தால் பலன் சந்தேகம் என்பதே பல ஆய்வுகள் சொன்ன சேதி. ஒரே ஒரு சத்தைப் பிடித்து வரி போடும்போது இந்த மாற்றீடு வரி போடுபவரின் கண்ணுக்குத் தெரியாது.

கடைகளில் நடந்தது

இனி தரவு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் யோர்கன் டெய்கோர் யென்சனும் சினே ஸ்மெடும் குடும்பங்கள் வாரந்தோறும் வாங்கிய பொருள்களின் பதிவை எடுத்து ஆராய்ந்தார்கள். வெண்ணெய், வெண்ணெய்க் கலவை, மார்கரின், எண்ணெய் ஆகியவற்றின் நுகர்வு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்பது 2013இல் வெளியான அவர்களின் முடிவு. உணவுக் கொள்கையில் இது சின்ன எண் அல்ல. விளம்பரப் பிரசாரத்தாலும் பள்ளிக்கூடப் பாடத்தாலும் இப்படி ஒரு சரிவைக் காட்டிய திட்டங்கள் அரிது.

எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வரி வரப்போகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். வெண்ணெய் உறைபெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும், எண்ணெய் அலமாரியில் இருக்கும். செப்டம்பரில் மக்கள் வாங்கிக் குவித்துவிட்டு அக்டோபரில் குறைத்தார்கள். ஆய்வாளர்கள் இதைக் கழித்துத்தான் கணக்கிட்டார்கள் என்றாலும், அவர்கள் கையில் இருந்த காலம் குறைவு. பழக்கம் மாறியதா, தற்காலிகமாகச் சுருங்கியதா என்று சொல்ல அது போதாது.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட பகுதி வேறு. விலை ஏறியதும் வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் பெரிய பல்பொருள் அங்காடிகளை விட்டு மலிவு விலைக் கடைச்சங்கிலிகளுக்கு நகர்ந்தார்கள். வெண்ணெயைக் குறைக்கவில்லை, கடையை மாற்றினார்கள். கூட்டம் தம் பக்கம் வருவதைப் பார்த்த மலிவுக் கடைகள், வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் வரித்தொகையைவிட அதிகமாகவே விலையை ஏற்றியதற்கான அறிகுறிகள் தரவில் இருந்தன. வரி போடுபவர்கள் பொதுவாக 'வரி இவ்வளவு, விலை இவ்வளவு ஏறும்' என்று நேர்கோட்டில் நினைப்பார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏற்கெனவே மலிவைத் தேடி அங்கே வாங்கிக்கொண்டிருந்தவர்தான் அந்த ஏற்றத்தைச் சுமந்தார்.

சரி, மொத்தச் சாப்பாட்டில் என்ன ஆயிற்று? வெண்ணெயும் எண்ணெயும் ஒரு பகுதிதான், இறைச்சி, பாலாடைக்கட்டி, பேக்கரிப் பண்டங்கள் வழியாகவும் கொழுப்பு வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஸ்மெடும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலரும் 2016இல் வெளியிட்ட கணக்கில், நிறைவுற்ற கொழுப்பு உட்கொள்ளல் 4 சதவீதம் குறைந்திருந்தது. காய்கறி நுகர்வு கூடியது. உப்பும் கூடியது, இளம்பெண்களைத் தவிர பெரும்பாலோருக்கு. இந்த ஏற்ற இறக்கங்களை, நோய்களைக் கணிக்கும் கணித மாதிரியில் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு 123 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தொற்றா நோய்களால் நடக்கும் இறப்புகளில் அது 0.4 சதவீதம்.

123 உயிர் அற்பமில்லை. வரியில் 2012இல் கிடைத்த வருமானம் சுமார் 120 கோடி குரோனர். 56 லட்சம் மக்களுக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 215 குரோனர் அளவில் வரும். ஒரு பொதுநலத் திட்டமாக அது கட்டுப்படியாகாதது என்று சொல்ல முடியாது. வரிப்பணம் அழிந்துபோவதில்லை, அரசுக்குத்தான் போகிறது. ஆனாலும் இந்தத் தொகையைப் பணக்காரரும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டினார்கள், ஏனென்றால் வருமானம் இரட்டிப்பானால் யாரும் இரட்டிப்பு வெண்ணெய் சாப்பிடுவதில்லை. அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததோ வருமான வரிக் குறைப்பில். குறைந்த வருமானக்காரர்களுக்காகச் சீர்திருத்தத்தில் ஓர் ஈட்டுத்தொகை இருந்தது உண்மைதான். கடையில் காசு கொடுக்கும்போது அது யார் நினைவுக்கும் வராது.

எல்லைக்கு அப்பால்

டென்மார்க்கின் தெற்கே ஜெர்மனி, கிழக்கே பாலம் தாண்டினால் சுவீடன். ஜெர்மனியில் உணவுக்கான மதிப்புக்கூட்டு வரி 7 சதவீதம், சுவீடனில் அப்போது 12, டென்மார்க்கில் 25. எல்லையோர ஜெர்மன் கடைகளில் பீரும் குளிர்பானமும் மிட்டாயும் காரில் ஏற்றிக்கொண்டு வருவது டேனிஷ் குடும்பங்களுக்குப் பழைய வழக்கம். ஏற்கெனவே போய்வரும் அந்தப் பயணத்தில் இனி வெண்ணெயும் சேரும் என்பது வணிகர்களின் முதல் புகார். வேலைகள் போய்விடும் என்ற எச்சரிக்கைகள் நாளிதழ்களில் நிறைந்தன. நீக்கும்போது அரசு சொன்ன காரணங்களிலும் இது இருந்தது: பண்டங்கள் விலையேறுகின்றன, நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவு கூடுகிறது, வேலைவாய்ப்புக்கு ஆபத்து, மக்கள் எல்லை தாண்டுகிறார்கள்.

இந்த வாதத்தில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். கனமான, விலை உயர்ந்த, கெடாத பண்டத்துக்காக மனிதர்கள் பயணம் போவார்கள். கால் கிலோ வெண்ணெயில் மிச்சமாகும் 2.60 குரோனருக்காக மட்டும் யாரும் கார் எடுக்க மாட்டார்கள், பீருக்குப் போகும்போது கூடவே வாங்கி வருவார்கள். பயணத்துக்கு அடித்தளம் போட்டது பழைய வரி வேறுபாடுகள்தான். ஆனால் அரசியலில் யார் அடித்தளம் போட்டது என்று எவரும் பார்ப்பதில்லை. கடைசியாக வந்தவன் மேல்தான் பழி.

யார் குரல் கொடுத்தார்கள் என்பதும் பொருளாதாரமே. பால்பண்ணையும் பன்றி இறைச்சியும் டென்மார்க்கின் பெரிய ஏற்றுமதித் தொழில்கள், அவற்றுக்கு வலுவான சங்கங்கள் உண்டு. தம் இழப்பை அவர்கள் குரோனரில் சொல்ல முடிந்தது. பலனடைந்த 123 பேரோ புள்ளிவிவரத்தில் மட்டும் இருப்பவர்கள். தாங்கள் பிழைத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. வரி அமலுக்கு வந்த அதே வாரம், 2011 அக்டோபர் தொடக்கத்தில், ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் தலைமையில் புதிய அரசு பதவியேற்றது. அந்த அரசுக்கு இந்த வரி யாரோ பெற்ற பிள்ளை. முந்தைய அரசின் வரிக்காகத் தன் செல்வாக்கைச் செலவழிக்க எந்தப் பிரதமரும் முன்வர மாட்டார். 2012 நவம்பரில் நீக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. திட்டத்தில் இருந்த சர்க்கரை வரியும் அதோடு போயிற்று. நுகர்வு பற்றிய முதல் விரிவான ஆய்வு அச்சில் வரும்போது வரி இல்லை.

அதே நாடு, வேறொரு கொழுப்பு

டென்மார்க் தோற்றது என்பவர்கள் 2003ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு டென்மார்க் தொழிற்சாலையில், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு வரம்பு விதித்தது: 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதிலும் உலகில் முதல் நாடு அதுவே. கடையில் விலை பெரிதாக ஏறவில்லை, எவரும் செப்டம்பரில் வாங்கிக் குவிக்கவில்லை, எல்லை தாண்டவில்லை. பெரும்பாலான மக்கள் கவனிக்கவே இல்லை. தயாரிப்பாளர்கள் எண்ணெய்க் கலவையை மாற்றினார்கள், அவ்வளவுதான். அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் இதயநோய் இறப்புகள் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 14 அளவில் குறைந்தன என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாட்டு அளவில் பெருக்கினால் பல நூறு பேர். இதையும் மேலே சொன்ன 123ஐயும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது, இரண்டும் வேறுவேறு முறையில் போட்ட கணக்குகள். எந்தக் கொள்கைக்கு எவ்வளவு இரைச்சல், எவ்வளவு பலன் என்ற பருமட்டான ஒப்பீட்டுக்கு மட்டும் போதும்.

டிரான்ஸ் கொழுப்பை எளிதாக ஒழிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அது தொழிற்சாலை உண்டாக்கிய பொருள், அதற்கு மலிவான மாற்று இருந்தது. நிறைவுற்ற கொழுப்பு பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வெண்ணெய் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். ஆக, வெண்ணெய் தயாரிப்பவர் வரிக்குப் பயந்து கொழுப்பைக் குறைக்க நினைத்தாலும் சட்டம் விடாது. பாலாடைக்கட்டியும் ஓரளவு இப்படியே. வரி ஏற்றத்துக்குப் பதில் சொல்லத் தயாரிப்பாளரிடம் வழியே இல்லாதபோது, எல்லாச் சுமையும் வாங்குபவரின் தலையில்தான் இறங்கும்.

பிரிட்டனின் குளிர்பான வரி இதைத் தலைகீழாகச் செய்தது. 2016 மார்ச்சில் அறிவித்தார்கள், 2018 ஏப்ரல் 6 அன்றுதான் அமல். தொடங்கியபோது 100 மில்லிலிட்டரில் 5 கிராம் சர்க்கரைக்குக் கீழே வரி கிடையாது, 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8க்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் நிறுவனங்கள் செய்முறையை மாற்றிக்கொண்டு கோட்டுக்குக் கீழே நழுவின. 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களின் பங்கு 2015இல் ஏறக்குறையப் பாதியாக இருந்தது, 2019இல் 15 சதவீதம். ஆண்டுக்கு 52 கோடி பவுண்டு கிடைக்கும் என்று முதலில் மதிப்பிட்ட வருமானம், முதல் ஆண்டில் 24 கோடியில் நின்றது. லண்டன் நிதியமைச்சகம் இதைத் தோல்வி என்று சொல்லவில்லை, ஏனென்றால் வருமான வரிக் குறைப்பு எதுவும் அந்தப் பணத்தை நம்பி நிற்கவில்லை. பானத்தில் சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டி போடலாம், வெண்ணெயில் அப்படி ஒன்று கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் வெற்றியில் பாதி சரியான பண்டத்தைத் தேர்ந்ததில் இருக்கிறது.

ஹங்கேரி டென்மார்க்குக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2011 செப்டம்பர் 1 அன்று, தன் பொதுநல உணவு வரியைத் தொடங்கியது. உப்பு நொறுக்குத்தீனி, ஆற்றல் பானம், சர்க்கரைப் பண்டம் என்று பொட்டலத்தில் வரும் குறிப்பிட்ட பண்டங்களுக்கு மட்டும். வெண்ணெயையும் இறைச்சியையும் தொடவில்லை. அந்த வரி நிலைத்துவிட்டது.

நீக்கியதன் விலை

கோபன்ஹேகனில் வரியை எடுத்ததும் 120 கோடி குரோனர் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க வருமான வரியின் அடிமட்ட விகிதத்தை 0.19 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள், தனிநபர் வரிவிலக்குத் தொகையையும் குறைத்தார்கள். 2009இல் வருமான வரியிலிருந்து எடுத்து உணவின் மேல் வைத்த சுமையில் ஒரு துண்டு, மூன்றே ஆண்டில் வருமான வரிக்கே திரும்பி வந்தது. 1930களிலிருந்து இருந்துவந்த குளிர்பான வரியையும், எல்லைக் கடைகளைக் காரணம் காட்டி, 2013 ஜூலையில் பாதியாக்கி 2014 ஜனவரியில் ஒழித்துவிட்டார்கள். அதற்குப் பல தலைமுறைப் பழக்கமும் இருந்தது, பெரிய எதிர்ப்பும் இல்லை. கொழுப்பு வரியின் சண்டையில் அதுவும் சேர்ந்து போயிற்று.

2003இன் 2 கிராம் வரம்போ ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விதியாகி 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.